அறிக்கையில் அவளுக்கு ஒரு வரி

எங்கள் மருத்துவக் கல்லூரியின் இந்த ஆண்டுச் சாதனைகளைத் தொகுத்து இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி டீன் என்னிடம் சொன்னார். அவசர சிகிச்சைப் பிரிவில் குப்பை கொட்டுபவளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. புதிய டயாலிசிஸ் பிரிவு, கூடுதல் மேற்படிப்பு இடங்கள், முதல் சிறுநீரக மாற்று அறுவை, மாணவிகள் வாங்கி வந்த கோப்பை என்று மளமளவென எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு இந்த ஆண்டு என்பது வெயில் காலத்து ஒரு மதியம், அவ்வளவே.

அதற்கு முன் எங்கள் பிரிவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் நாங்கள் உறவினர்களிடம் உடனே சொல்வதில்லை. சொன்ன டாக்டர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குக் காது சவ்வே கிழிந்தது. அதனால் அட்டெண்டரை ஓடவிட்டு மருத்துவமனைக் காவலர்களை வரவழைப்போம். அவர்கள் வந்து நிற்கும்வரை திரைக்குள் ஒரு ஜூனியர், இறந்தவரின் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சீனியர் வெளியே போய், நிலைமை மோசம், முயற்சி செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்துவது நான்தான்.

அன்று போசரி தொழிற்பேட்டையிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பிரஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. அவர் வாயிலிருந்து வந்த ரத்தம் என் முழங்கை வரை வழிந்தது. அரை மணி நேரம் போராடினோம், முடிந்துவிட்டது. என்னுடன் இருந்தவள் நாசிக்கிலிருந்து வந்த மராட்டிப் பெண், அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவள் தையல் போட்டால் வேடிக்கை பார்க்க மற்ற ஜூனியர்கள் வந்து நிற்பார்கள், அப்படி ஒரு கை. நான் கண்ணைக் காட்டினேன். அட்டெண்டர் ஓடினார். அவள் மறுபடி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

வெளியே இறந்தவரின் மனைவியும் தம்பியும் நின்றிருந்தார்கள். வழக்கமான பொய்யை இந்தியில் சொன்னேன். அந்தப் பெண் கொழுந்தனிடம் திரும்பி, "இன்னா சொல்லுது இந்தம்மா, ஒண்ணுமே புரியலியே" என்று அழுதாள். நான் இதே ஊரில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். தமிழ் எனக்கு வீட்டுக்குள் பேசும் மொழி. அந்த நடையில் அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அழாதீங்கம்மா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் என் ரத்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழாம்மா நீ? அப்ப நெசத்த சொல்லும்மா. இருக்காரா, இல்லியா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

இந்தியிலும் மராட்டியிலும் கூசாமல் சொல்லிப் பழகிய பொய், தமிழில் வரவில்லை. காவலர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

தம்பி என்னைத் தள்ளிவிட்டுத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். அங்கே அந்த நாசிக் பெண், உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி அவருடைய அண்ணனின் நெஞ்சை இடித்துக்கொண்டிருந்தாள். உடைந்த எலும்புகள் நெறுநெறுத்தன. "செத்தவன ஏண்டி இடிக்கிற?" என்று கத்தினார். அவளுக்கு என்ன புரியும்? காவலர் வரும்வரை நிறுத்தக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவள் நிறுத்தவில்லை. அவர் சலைன் மாட்டும் இரும்புக் கம்பியை உருவி, பிணத்தின் மேலிருந்த அவள் வலது கையில் போட்டார். இன்னொரு முறை. மூன்றாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு எங்கள் பையன்கள் பாய்ந்து அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நானும் மிதித்தேன். என் ஷூ முனையில் அவர் உதடு பிளந்தது, ஒரு பல் தரையில் விழுந்தது. அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணையில், நிலைமை மோசம் என்றுதான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. அண்ணன் செத்துவிட்டான் என்று டாக்டரே சொன்னார் என அந்தத் தம்பி அரைகுறை இந்தியில் போலீசிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இன்னும் சிறையில் இருக்கிறார்.

அந்த ஜூனியரின் கையில் தகடு வைத்து இரண்டு முறை அறுவை நடந்தது. நூலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அறுவை சிகிச்சையை விட்டுவிட்டு நோயியல் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அவளைப் பற்றியும் சாதனை அறிக்கையில் ஒரு வரி வேண்டும் என்றார் டீன். தாக்கப்பட்டபோதும் கடமை தவறாத வீரப் பெண் என்று எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

அதை அவளிடம் காட்டப் போனேன். படித்தாள். பிறகு இந்தியில் கேட்டாள்.

"மேடம், அன்னைக்கு அந்த ஆள் ஏதோ கத்தினாரே. தினமும் காதுல கேக்குது. அதுக்கு என்ன அர்த்தம்?"

ஏதாவது கெட்ட வார்த்தை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செத்தவனை ஏன் இடிக்கிறாய் என்று கேட்டார் என்றேன்.

அவள் கெட்டிக்காரி. அதற்குமேல் எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அவங்ககிட்ட சொல்லிட்டீங்க" என்றாள். "என்கிட்டதான் நிறுத்துன்னு சொல்லல."

இடது கையால் பேனாவை எடுத்து, தன்னைப் பற்றிய வரியைக் கோணலாக அடித்துவிட்டு, அறிக்கையை என் பக்கம் தள்ளினாள்.