அவன் காலைக் கேட்டேன்

என் மச்சினன் கதிரின் கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பத்தடி தள்ளி நின்றிருந்தேன். காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான்.

சிறுவாச்சூர் காளியம்மாவை நம்புகிற எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் முருகேசன். ஊர் குரும்பலூர், பெரம்பலூரில் டிராக்டர் மெக்கானிக். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அம்மா எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அமைதியான மனசோடு கைகூப்பி நின்றவன் கதை அல்ல. வயிறெரிந்து கேட்டவன் கதை.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. அரியலூரில் ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி, கடைசி லீக் ஆட்டம். எங்கள் அணியில் பெயிண்டர் உண்டு, கொத்தனார் உண்டு, வேன் டிரைவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டக்காரர்கள். எங்களிடம் பெரிய வித்தையெல்லாம் கிடையாது. பந்து யாரிடம் வந்தாலும் முன்னால் நிற்கும் கதிருக்குப் போட வேண்டும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். நான்கு வருடமாக அப்படித்தான் ஜெயித்தோம்.

எதிரணி அரியலூர்ப் பக்கம். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன், அந்த ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள். உதைத்தவன் பெயரையும் சொல்லமாட்டேன். அச்சில் அவன் பெயர் வந்து, அதை அவன் நாலு பேரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். நாலாம் நம்பர் சட்டை. பந்து போய் இரண்டு நொடி ஆன பிறகு உதைத்தான். ரெஃப்ரி மஞ்சள் அட்டையைக் காட்டினார். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பெரம்பலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் கதிரின் தலைமாட்டில் என் மனைவி செல்வி. அவளுக்கு அவன் ஒரே தம்பி. அழக்கூட இல்லாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி சிறுவாச்சூரைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை, நடை சாத்தியிருக்கும். திங்களும் வெள்ளியும்தான் அம்மா கோவிலில் இருப்பாள், மற்ற நாளில் மலையில் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மலையிலிருந்தே கேட்டுக்கொள் என்று மனசுக்குள் கத்தினேன். "தாயே, அவன் காலை எனக்குக் கொடு. நீயே ஒடித்தாலும் சரி, என் கையில் கொடுத்தாலும் சரி. உனக்கு மாவிளக்குப் போடுகிறேன்." இதுதான் என் வேண்டுதல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கதிர் காலுக்குள் தகடு வைத்தார்கள். லீக்கிலிருந்து அவர்களும் நாங்களும் தேறியிருந்தோம். அடுத்த ஞாயிறு அரையிறுதி. அவன் இல்லாமல் எங்களால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. பழக்க தோஷத்தில் எல்லாரும் பந்தை அவன் நிற்கும் இடத்துக்கே தூக்கிப் போட்டோம். அங்கே யார் இருக்கிறார்கள்? வெறும் புல். பெனால்டியில் ஏதோ தப்பித்தோம். மறுபக்கம் ஜெயித்து வந்தது நாலாம் நம்பரின் அணி. இறுதி ஆட்டம் அவர்களோடு என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோப்பை யாருக்கு வேண்டும்? அம்மா அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள் என்று நினைத்தேன். வேலைக்கு நடுவில்கூட என் ஆட்ட ஷூவின் அடியில் இருக்கும் முட்களைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை செல்வியோடு கோவிலுக்குப் போனேன். சிறுவாச்சூரில் மாவிளக்குக்கு மாவை வீட்டிலிருந்து அரைத்துக்கொண்டு போவதில்லை. அரிசியை அங்கேயே ஊறவைத்து, அங்கேயே உரலில் இடிக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு பேர், இரண்டு உலக்கை. பெண்கள் இடிப்பதுதான் வழக்கம். எனக்கோ எதையாவது குத்தித் தீர்த்தால் போதும் என்றிருந்தது. ஒரு உலக்கையை நான் பிடுங்கிக்கொண்டேன்.

அரிசி என் கண்ணுக்கு அரிசியாகத் தெரியவில்லை. அவன் முழங்காலாகத் தெரிந்தது. ஓங்கிப் போட்டேன். செல்வி உலக்கையும் அதே நேரம் இறங்கியது. இரண்டும் மோதி, அவள் கை விண்ணென்று தெறித்தது. பாதி அரிசி மண்ணில்.

"ஏங்க, யாரைக் கொல்றீங்க?" என்றாள். "நான் தூக்குறப்ப நீங்க குத்தணும். நீங்க தூக்குனா நான் குத்துவேன். ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குனா மாவு ஆவாது, கைதான் போவும்."

திட்டு வாங்கிக்கொண்டே மறுபடி பிடித்தேன். அவள் மேலே, நான் கீழே. நான் மேலே, அவள் கீழே. கொஞ்ச நேரத்தில் கை தானாக ஓடியது. உரலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியாக இருப்பது கண் இமைக்கும் நேரம்தான், உடனே ஒரு உலக்கை இறங்கிவிடுகிறது. ஆனால் எந்த உலக்கையும் அங்கேயே நிற்பதில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதிரின் இடத்தில் யாரை நிறுத்துவது என்றுதானே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்? யாரையும் நிறுத்தவே வேண்டாமே! நானும் பெயிண்டர் பாரியும் மாறி மாறி அந்த இடத்துக்குள் போவோம். ஒருவன் பந்து வாங்கக் கீழே இறங்கி வந்தால், அதே நேரத்தில் மற்றவன் மேலே ஓட வேண்டும். நாலாம் நம்பருக்கு ஒரே வேலைதான் தெரியும், ஆளைப் பிடித்து ஆளை உதைப்பது. நிற்கிற ஆளே இல்லையென்றால் எவனை உதைப்பான்? அம்மா முன்னால் மாவிளக்கை ஏற்றும்போது இதை என் கோபத்தில் உதித்த யோசனை என்று நான் நினைக்கவில்லை. அவள் உரலில் அவள் காட்டியது.

அன்று மாலையே பள்ளிக்கூட மைதானத்தில் பழகினோம். கதிரை நாற்காலியோடு தூக்கி வந்து ஓரத்தில் உட்கார வைத்தோம். நானும் பாரியும் ஒரே நேரத்தில் ஓடி முட்டிக்கொண்டோம், செல்வி கை பட்ட பாடுதான். கதிர் தன் ஊன்றுகோலால் நாற்காலிக் காலைத் தட்ட ஆரம்பித்தான். ஒரு தட்டுக்கு நான், அடுத்த தட்டுக்குப் பாரி. அதற்குப் பிறகு பிசகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது என் வேண்டுதலைக் கதிரிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"அவன் கால வச்சுக்கிட்டு நான் என்ன மாமா பண்றது?" என்றான். "அவனுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கணும். நல்லா இருந்துதான் தோக்கணும். கால் போச்சுன்னா அதையே சாக்கு சொல்லிட்டுத் திரிவான்."

காலொடிந்த பையனுக்குள் என்னைவிடப் பெரிய நெருப்பு. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுதலை நான் திரும்ப வாங்கவில்லை.

இறுதி ஆட்டம். ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நாலாம் நம்பர் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கடா உங்காளு? ஆஸ்பத்திரில கோல் அடிக்கிறானா?"

ஓரத்தில் கதிர் தட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே இறங்கினேன், நாலாம் நம்பர் என்னோடு வந்தான். பாரி உள்ளே போனான். அடுத்து பாரி இறங்கினான், அவன் பாரியைத் துரத்தினான். நான் போனேன். இப்படியே அவனைச் செக்குமாடாகச் சுற்றவிட்டோம். இடைவேளைக்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பாரி ஆளே இல்லாத இடத்தில் நின்று நிதானமாக ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும். பந்து பாரியிடம். என்னை மறிக்க நாலாம் நம்பர் சறுக்கி விழுந்தான். விழுந்தவன் கால் என் முன்னால் நீட்டிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே, கதிருக்கு உடைந்த அதே இடம். ரெஃப்ரி பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வலது கால் மேலே இருந்தது. இறக்கினால் போதும்.

தாயே, நான் கேட்டதை அப்படியே கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டாய்.

ஓரத்திலிருந்து டொக் என்று கதிரின் தட்டு கேட்டது. அது என்னுடைய முறை. நான் உள்ளே போக வேண்டிய தட்டு. அந்தக் காலைத் தாண்டிக் குதித்தேன். பாரியின் பந்து சரியாக வந்தது. ஓங்கி அடித்தேன். வலை கிழிந்தாலும் கிழியட்டும் என்று அடித்தேன். இரண்டுக்கு ஒன்று.

திரும்பிப் பார்த்தேன். அவன் இரண்டு காலும் முழுசாக இருக்க, புல்லில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தித்தித்தது. ஒளிக்கவேண்டியதில்லை, அம்மாவுக்குத் தெரியாததா?

கோப்பையை வாங்கக் கதிரைத்தான் அனுப்பினோம். ஊன்றுகோலோடு போனவன் நாலாம் நம்பர் முன்னால் நின்றான்.

"கால் நல்லா இருக்குங்களாண்ணே?" என்று கேட்டான்.

அவன் குனிந்துகொண்டு "ம்" என்றான்.

"நல்லது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தான் என் மச்சினன். நான் உதைத்திருந்தால்கூட அவனுக்கு அந்த அளவு வலித்திருக்காது.

மறுநாள் திங்கள். நானும் செல்வியும் கதிரும் போய் இன்னொரு மாவிளக்கு ஏற்றினோம். ஒரு தடவைகூட உலக்கை மோதவில்லை. மைதானத்தில் நான் யார் காலையும் தேடி உதைப்பதை அன்றோடு விட்டேன். முன்பு அந்தப் பழக்கம் எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோபத்தோடு கோவிலுக்குப் போகலாமா என்று தயங்குகிறவர்கள் இருந்தால், தாராளமாகப் போங்கள். அவள் காளி, நம் கோபத்தைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டாள். இருப்பதை இருக்கிறபடி கொட்டுங்கள். கேட்டதைக் கொண்டுவந்தும் தருவாள், அதை என்ன செய்வது என்று புத்தியும் தருவாள். திங்கள், வெள்ளி பார்த்துப் போங்கள்.

நான் இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். கதிருக்குக் கால் எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கையோடு நாலாம் நம்பரின் இரண்டு காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த தையில் கதிர் திரும்ப ஆட வருவான். அப்போது நாலாம் நம்பரும் நன்றாக ஓடக்கூடியவனாக எதிரில் நிற்க வேண்டும்.