மச்சாளின்ரை பச்சோந்திக்கு மண் வேணுமாம்

எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. ஒரு பச்சோந்திக்காக ஒரு மனிசி தம்பியின்ரை வீட்டை விட்டுப் போவாவோ? முழுக்கக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோ.

பார்வதிப்பிள்ளை எண்டால் என்ரை மனிசனுக்கு மூத்த தமக்கை, எனக்கு மச்சாள். புருசன் வாந்திபேதியிலை போயிட்டுது, பிள்ளைகுட்டியும் இல்லை. தனியக் கிடந்து என்ன செய்யிறது எண்டு இவர்தான் புளியங்கூடலிலை எங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவவின்ரை சீதன வீடு நாலு வளவு தள்ளிச் சும்மா கிடந்தது. சும்மா விடுவானேன் எண்டு எங்கடை புகையிலையை அதுக்குள்ளை அடுக்கினம். பூட்டிப்போட்டுத் திறப்பை நான் இடுப்பிலை வைச்சிருந்தன். மச்சாள் மாட்டைப் பாப்பா, நெல்லுக் குத்துவா, ஒரு வாய் எதிர்த்துப் பேசமாட்டா. நல்ல மனிசி, அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

கொழும்பிலை யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், தோட்டத்து மண்ணுக்குப் பசளையாய்ப் புதைக்கப் கூலியாக்கள் பூவரசங் குழை வெட்டிக்கொண்டு வந்தவை. குழைக்கட்டை அவிழ்த்தால் உள்ளுக்கை ஒரு பச்சோந்தி. இவர் தடியை எடுத்தார். மச்சாள் குறுக்கை வந்து, "விடு தம்பி, அது எனக்கு" எண்டா. எனக்காம்! அவவின்ரை வாயிலை அந்தச் சொல்லை அண்டைக்குத்தான் கேட்டனான்.

முதல் ஓலைக் கடகத்தாலை மூடி வைச்சா, கறுத்துப் போச்சு. பேந்து பழைய கோழிக்கூட்டைக் கழுவி, மாதுளங் கொப்பைக் குறுக்கை வைச்சு அதிலை விட்டா, பச்சையாய் வந்திட்டுது. சிரட்டையிலை தண்ணி வைச்சால் திரும்பியும் பாக்காது. "ஏன் கோதாரி, நாவறண்டு சாகப் போறியோ?" எண்டு நானே ஏசினனான். ஒருநாள் மச்சாள் இலையிலை தண்ணி தெளிக்க, வடிஞ்ச சொட்டைக் குடிச்சுது. சோறு வேண்டாமாம், வாழைப்பழம் வேண்டாமாம், வெட்டுக்கிளி வேணுமாம். வயசுபோன மனிசி பத்தைக்குள்ளை வெட்டுக்கிளி பிடிச்சுக்கொண்டு திரிஞ்சால் சனம் சிரியாதோ?

ஐப்பசி பிறக்க அது சாப்பாட்டை விட்டிட்டுது. கொப்பை விட்டு இறங்கிக் கூட்டின்ரை அடிப்பலகையை விடியவிடியப் பிறாண்டுது. ஓடப் பாக்குது எண்டார் இவர். விசர் பிடிச்சிட்டுது எண்டன் நான். மச்சாளும் சாப்பிடாமல் கூட்டடியிலையே இருந்தா. "இது செத்தால் எனக்கு ஆர் இருக்கினம்?" எண்டு வாய்விட்டு அழுதா. நாங்கள் என்ன, மரமோ?

அடுத்தநாள் அதைக் கையிலை தூக்கி வயித்தைத் தடவிப்போட்டு, "முட்டை கிடக்கு. மண்ணைக் கிண்டித்தான் இடும் போலை. மண் இல்லாட்டில் வயித்துக்குள்ளையே கிடந்து செத்துப்போம்" எண்டா.

"பெறாத உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" எண்டிட்டன். வாயிலை வந்திட்டுது, என்ன செய்ய?

அவ என்னைப் பாத்தா. "கிணத்தடியிலை ஒரு முழ மண் தாரும்" எண்டா.

எங்கடை முத்தம் சாணி போட்டு மெழுகின முத்தம், கல்லு மாதிரி இருக்கும். கிணத்தடியிலை புகையிலை நாத்து. கண்டறியாத பச்சோந்திக்காக நாத்தைக் குழப்பேலுமோ? ஏலாது எண்டன். நியாயம்தானே?

"அப்ப என்ரை வீட்டுத் திறப்பைத் தாரும்" எண்டு கையை நீட்டினா. இடுப்பிலையிருந்து எடுத்துக் குடுத்திட்டன்.

அங்கை கொண்டுபோய்ப் பின்வளவு மணலிலை விட்ட உடனை கிண்டத் தொடங்கினதாம். வால் மட்டும் வெளியிலை தெரிஞ்சுதாம். இட்டு, மூடி, மிதிச்சுப்போட்டு வேம்பிலை ஏறிட்டுதாம். சரி, அலுவல் முடிஞ்சுது, வரவேண்டியதுதானே? வரேல்லை. முட்டையை நாய் கிண்டும், உடும்பு தின்னும், காவல் இருக்கவேணுமாம். எப்ப பொரிக்கும் எண்டால் அதுவும் தெரியாதாம். பேந்து மச்சாளிட்டையிருந்து ஒரு சொல்லு வருது: நான் படுக்க இடமில்லை, புகையிலையை எடுங்கோ! இவர் துள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரேக்கை தலையிலை ஒரு புகையிலைக் கட்டு. என்ன நடந்தது எண்டு கேட்டதுக்கு, மிச்சக் கட்டுகளை எங்கை அடுக்கிறது எண்டு என்னைக் கேட்டார்.

நானே போனன். படலை கட்டிக் கிடந்தது. நினைச்ச நேரம் போய் வந்த வளவு, இப்ப றோட்டிலை நிண்டு, "மச்சாள், வரட்டோ?" எண்டு கூப்பிடவேண்டிக் கிடந்தது. வந்து திறந்துவிட்டா.

"பொரிச்சாப்பிறகு வீட்டை வருவியள்தானே?" எண்டு கேட்டன்.

"வீட்டிலைதானே இருக்கிறன்" எண்டா. கதிரையை இழுத்து வைச்சு, "இரும், தேத்தண்ணி வைக்கிறன்" எண்டா.

என்னைப் பாத்து இரும் எண்டுறா! எங்கடை வீட்டிலை அவவை ஆரும் இருங்கோ எண்டு சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் வரேல்லை, எந்த நேரமும் வேலையாத்தானே நிண்டவ. நான் இருக்கிறதோ, போறதோ எண்டு தெரியாமல் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.