முதல் தள்ளு

இன்று என் பெட்டி வேலை செய்யாவிட்டால், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்று வாங்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நினைப்போடுதான் மாம்பலத்தில் பஸ் ஏறினேன். ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். உட்கார முடியவில்லை. எங்கள் லேப் இருக்கும் கோட்டூர்புரம் வருவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து வாசல் பக்கம் நின்றுகொண்டேன்.

எங்கள் ஜெனரேட்டர் பெரிய மின்சாரத்தை ஒரே வீச்சில் கொட்டும். அதற்கு வேண்டிய காந்தத்தை அதுவே வளர்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இரும்பு கிடையாது, அதனால் மிச்சக் காந்தமும் கிடையாது. தொடக்கத்தில் யாராவது கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளிவிடுகிற மாதிரி. அந்த முதல் தள்ளுதான் என் பெட்டி. கெபாசிட்டர்களை அடுக்கி நான் வடிவமைத்தது.

லேபில் நுழைந்ததும் மெஷினைச் சுற்றவிட்டு, என் பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன். திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு துளி எழும்பிப் படுத்துவிட்டது. மறுபடியும் தட்டினேன்; அதே கதை. பூஜைக்கு முன்னால் நான் தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக எழுந்த கோடு!

"நான்தான் அப்பவே சொன்னேனே, பெட்டி சின்னதுன்னு" என்றார் மேனேஜர்.

பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டி சின்னது இல்ல சார்! கணக்கு சரியாத்தான் இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள பாரு" என்று போய்விட்டார்.

மெஷினை நிறுத்தி, கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மூடியைக் கழற்றினேன். என் மின்சாரம் உள்ளே போவது மெஷினோடு சுற்றும் ஒரு செப்பு வளையம் வழியாக. பளபளக்க வேண்டிய வளையத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இழுபட்டிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்!

"அண்ணே, இது யார் வேலை?"

"நாந்தான் மேடம்" என்றார் பட்டினப்பாக்கத்து டெக்னீசியன் அண்ணன். "சுத்துறதே அதான? அதுக்கு வெக்காம வேற இன்னாத்துக்குப் பொட்டு வெக்கிறது? ஏன், தப்பா கீதா?"

"ஐயோ அண்ணே, கரண்டே அது வழியாத்தான் போவணும், காஞ்ச சந்தனம் மறிச்சிடுச்சு!"

அவர் முகம் செத்துவிட்டது. இருவரும் ஸ்பிரிட் தொட்டுத் துடை துடையென்று துடைத்தோம்.

மேனேஜர் திரும்பி வந்ததும் மெஷினை மறுபடி சுற்றவிட்டு சுவிட்சைத் தட்டினேன். கோடு எழுந்தது, தயங்கியது. பாவி, படுத்துடாதே! பிறகு தானாகவே ஏறு ஏறென்று ஏறியது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

"பெட்டியில என்ன மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தல சார்."

"பார்த்தியா, பூஜை பண்ணினது வீண்போகலை" என்றார் மேனேஜர்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா சார்" என்றேன்.

மேனேஜர் போனதும் துணியோடு மெஷினைச் சுற்றிவந்து, கண்ணில் பட்ட பொட்டையெல்லாம் துடைத்தேன். என் பெட்டியின் மேல் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.