கண்டக்டரின் காதுகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். நெடுநெடுவென்ற உயரம், இரண்டு காதுகளும் தலையை விட்டு நன்றாக விலகி நிற்கும். அந்த பஸ்ஸில்தான் நான் தினமும் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போவேன்.

ஒருநாள் அவர், "படியில நிக்கிறவுக உள்ள வாங்க, கதவைச் சாத்தணும்" என்றார்.

"மொதல்ல உங்க ரெண்டு கதவையும் சாத்துங்க" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது, அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸில் வரும் எங்கள் பள்ளி மாணவர்களுக்கு அவர் 'கதவு' ஆகிவிட்டார். டிக்கெட் கிழிக்காத நேரமெல்லாம் ஒரு கையால் காதை அழுத்திப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். அதைக் கவனித்தும் நான் யாரையும் கண்டிக்கவில்லை.

பிறகு சில வாரங்கள் அவரைக் காணோம். திரும்பி வந்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. கூட்டம் குறைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மதுரையில காதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன் சார். ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாதாம். தொட்டா மரத்துப்போய்க் கெடக்கு. போகப்போகச் சரியாயிரும்னு டாக்டரு சொன்னாக."

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"விடுங்க சார், வெளையாட்டுக்குத்தான சொன்னீக. எம்மகளுக்கும் இதே காதுதான். எங்கப்பா காதுன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிவா. இந்தக் கட்டைப் பாத்ததும், 'எனக்கு எப்பப்பா ஆபரேஷன்?'னு கேக்குறா. நீங்க வாத்தியாரு, சொல்லுங்க. நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. எழுந்து நின்றவர், விசில் ஊதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.