பெயிண்ட் கூம்பில் இறக்கிய காபி

காபி வடிகட்ட நான் முதன்முதலில் பயன்படுத்திய காகிதம், காருக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்திலிருந்து வந்தது. இதைச் சொன்னால் கல்லூரியில் தோழிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அப்போது எனக்குப் பத்து வயது. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கம்பெனிகள்தான் இருந்தனவே தவிர, அந்தக் காகிதம் விற்கிற கடை ஒன்றுகூட இல்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் மாடி அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி அண்ணன். அவர் போனில் ஒரு வீடியோ. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் காகிதக் கூம்புக்குள் காபித்தூளைப் போட்டு, நீண்ட மூக்கு வைத்த கெண்டியால் வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார். தூள் உப்பி, குமிழ் விட்டு, பெருமூச்சு விடுவதுபோல அடங்குகிறது. கீழே குடுவையில் தேன் நிறத்தில் சொட்டுகிறது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. அந்த மனிதர் உடனே குடிக்கவும் இல்லை. கோப்பையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

“இந்தக் கடுங்காப்பிக்கா இம்புட்டுப் பாடு?” என்று அண்ணன் சிரித்தார். எனக்கோ அந்தத் தூள் ஏன் மூச்சு விட்டது என்று தெரிந்தாக வேண்டும். நச்சரிப்பு தாங்காமல், ஊருக்குப் போய்த் திரும்பும்போது சிக்கரி கலக்காத தூள் கால் கிலோ வாங்கி வந்தார்.

கூம்பு மாமாவிடமிருந்து வந்தது. மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. பெயிண்டைக் கட்டியில்லாமல் வடிகட்ட அங்கே காகிதக் கூம்புகள் உண்டு. நுனியில் மட்டும் பசையால் ஒட்டிய மெல்லிய வலை. வீடியோவைப் பார்த்ததும், “இவ்ளோதானா? எங்க லைன்ல மூட்ட மூட்டையா கீது” என்றார். மறுநாள் டிபன் பையிலிருந்து புத்தம்புதிதாக இரண்டு எடுத்து நீட்டினார்.

அம்மாவுக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. “சட்டையோட வூட்டுக்குள்ள வராதடா. பெயிண்ட் தின்னர் நாத்தம் கொடலப் பொரட்டுது.”

“எங்கக்கா நாறுது?” மாமா காலரை இழுத்து முகர்ந்துவிட்டு, நிஜமாகவே கேட்பார்.

“மாஸ்க் போட்றியா இல்லியா?”

“அதப் போட்டுகினு ஓட முடியாதுக்கா. லைன் நமக்கோசரம் நிக்காது.”

என் கவனமெல்லாம் கூம்பின் மேல். எண்ணெய் ஊற்றும் புனலைச் சொம்பின் வாயில் வைத்து, அதில் கூம்பைச் செருகினேன். கெண்டிக்குப் பதில், குழந்தையில் எனக்கு மருந்து புகட்டிய பாலாடை. ஒரு சொம்பு காபிக்கு ஐம்பது தடவையாவது மொண்டு ஊற்றியிருப்பேன். முதல் முறை தூள் முழுக்க வலை வழியே வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. அடுத்த முறை கூம்புக்குள் அப்பாவின் கைக்குட்டையை விரித்தேன். தூள் உப்பியது! குமிழ் விட்டது! நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பில் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு நேரே வாசலுக்குப் போய்த் துப்பினாள். “பசை நாத்தம்டி, கருமம்!” அண்ணன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதோடு சரி, கீழே வைத்துவிட்டார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாமாதான் முழு டம்ளரையும் காலி செய்தார். “சூப்பரா கீதுடி மருமவளே!”

இந்த வீட்டில் காபி தெரிந்தவர் மாமா ஒருவர்தான் என்று அன்று முடிவு கட்டினேன். தூளைக் கொரகொரப்பாக அரைத்தேன். வெந்நீரை ஆறவிட்டு ஊற்றினேன். தூளை நனைத்துவிட்டு, மேலே ஊற்றாமல் அரை நிமிடம் காத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் மாமாவிடம் மதிப்பெண் வாங்கிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. அதுதான் உறுத்தியது. எல்லாமே எப்படிச் சூப்பராக இருக்கும்?

அந்த நாட்களில் வீடு முழுக்க ஒரே பேச்சு, மாமாவின் மெடிக்கல். மூன்று வருடக் காண்ட்ராக்டுக்குப் பிறகு அவரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். அதற்குமுன் கம்பெனி டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பர்மனென்ட் ஆனால் பெண் தருகிறோம் என்று சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டில் காத்திருந்தார்கள்.

மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, நான் மாமாவுக்குப் பரீட்சை வைத்தேன். துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். முன்னால் நான்கு டம்ளர்: என் காபி, பாக்கெட் காபி, சுக்குத் தண்ணீர், குறும்புக்கு அம்மாவின் ரசம்.

“குடிக்கக் கூடாது மாமா. மோந்து பாத்து மட்டும் சொல்லணும்.”

நான்கையும் முகர்ந்தார். நான்காவதை மறுபடி எடுத்து, வீடியோ மனிதர் மாதிரியே ஆழ இழுத்தார். “இதான்டி உன் காபி. இன்னா வாசன!”

அது ரசம். பெருங்காயமும் பூண்டும் கொல்லைவரை மணந்துகொண்டிருந்த ரசம்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “எண்ணே, ரசத்துல பாலூத்திக் குடிங்க!” நான் தரையில் உருண்டேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து மாமாவின் மூக்கடியில் நீட்டினாள். மாமா கட்டிய கண்ணோடு அடுத்த டம்ளருக்காகக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

“எத்தினி நாளாடா?”

துண்டை அவிழ்த்தார். “சளிக்கா. வேற ஒண்ணுமில்ல.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “இத எங்கனா வெளிய போய் சொன்ன, தோல உரிச்சிடுவேன்.” ரசத்தை வீணாக்கியதற்குத்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் மாமாவே வந்து, “அந்த நாலு டம்ளரை எடுத்தாடி” என்றார். அதற்கடுத்த நாளும். காபிப் பைத்தியம் அவருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரொம்பக் கண்டிப்பான டீச்சராக இருந்தேன். ஆவியின் சூட்டைக் கன்னத்தில் வாங்கிப் பார்ப்பார். டம்ளரை ஆட்டிச் சத்தம் கேட்பார். நான் அசந்த நேரத்தில் நுனி நாக்கால் தொடுவார். “நாக்க நீட்டக் கூடாது மாமா, ஃபெயிலு!” என்று தொடையில் அடிப்பேன். கடைசிவரை ஃபெயில்தான்.

மெடிக்கல் அன்று மாமா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கண் பார்த்தார்களாம், காது பார்த்தார்களாம், ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. “மூக்கப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலக்கா!” என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு ஒரு கட்டு புதுக் கூம்பு.

“எந்த டிபார்ட்மெண்ட்டு?” என்று கேட்டாள் அம்மா.

“அதே பெயிண்ட் ஷாப்புதான். இனிமே யாரும் அசைக்க முடியாது.”

அம்மா ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்கவில்லை. மாமா குளிக்கப் போனதும், அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா அவனுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருந்தால் மாமா தோற்றிருப்பார். ஒரு வாரமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சொந்தத் தம்பி தோற்க வேண்டும் என்று நினைக்கிற அக்காவும் இருப்பாளா?

அன்று சாயங்காலம் புதுக் கூம்பில் காபி இறக்கினேன். இரண்டே டம்ளர். ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு. அம்மாவுக்கு வேண்டுமென்றே வைக்கவில்லை.