பச்சை பல்பும் தக்காளி நாற்றும்

அக்கா முன்பு தையல் கடையில் குனிந்தே இருந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவள். நிமிர்ந்து செய்கிற வேலை வேண்டுமென்று நாற்று வளர்ப்பைப் பிடித்துக்கொண்டாள். வீட்டின் பின்முற்றத்தில் இரும்பு அடுக்குகள், அடுக்குகள் நிறையத் தக்காளி நாற்றுகள். மொத்தமாக வாங்குகிறவர் ஒரே பண்ணைக்காரர்தான். அவர் கைவிட்டால் மறுபடி தையல் மெஷின்தான்.

பக்கத்து மனையில் கட்டிடம் எழும்ப எழும்ப, முற்றத்து வெயில் குறைந்துகொண்டே போனது. நாற்றுகள் வெளிறி, நூலாக நீண்டன. செடிக்குப் பசி போலிருக்கிறது என்று அக்கா உரம் வைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள். வேர் அழுகியதுதான் மிச்சம்.

"உரம் சாப்பாடு இல்லக்கா," என்று போனில் சொன்னேன். இலையிலுள்ள பச்சையம் வெயிலை வாங்கி, அந்த ஆற்றலால் தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியே போய்விடுகிறது. பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை சர்க்கரையாகக் கட்டுகிறது. வாங்கிய வெயில் அந்தச் சர்க்கரைக்குள் அடங்கிக் கிடக்கும். அதுதான் செடியின் சாப்பாடு. வெளிச்சம் இல்லையென்றால் இருக்கிற சேமிப்பைத் தின்று தீர்க்கும்.

"அடுப்பே எரியலைங்கிற."

"ஆமாக்கா."

அத்தான் விழா அரங்குகளுக்கு அலங்கார விளக்கு கட்டுகிறவர். மிச்சமிருந்த பச்சை பல்புகளை அடுக்குக்கு அடுக்கு மாட்டிவிட்டு வீடியோவில் காட்டினார். "பச்சைக்குப் பச்சைதான் ஒத்துவரும். என்ன மச்சான், படிச்சவரு பேச்சையே காணோம்?"

"இலை அதிகமா திருப்பி அனுப்புறதே பச்சையைத்தான், அத்தான். அதனாலதான் நம்ம கண்ணுக்குப் பச்சையா தெரியுது. செவப்பும் நீலமும்தான் அதுக்கு நல்லா பிடிக்கும்."

"வேணாம்னு தள்ளுறதையா பந்தி வெச்சிருக்கேன்?"

"எனக்கும் அப்படித்தானே வாங்கிட்டு வருவீங்க," என்றாள் அக்கா.

அத்தான் சிவப்பும் நீலமும் மாட்டினார். கண்ணைப் பறித்த அந்த வெளிச்சம் இலைக்குப் போதவில்லை. அக்கா தட்டுகளைத் தெருவுக்குச் சுமந்தாள். அங்கேயும் கட்டிடத்தின் நிழல் வந்து சேர்ந்தது.

பண்ணைக்காரர் வந்தார். ஒரு தண்டை விரலால் நிமிர்த்தினார். விட்டதும் அது சாய்ந்தது. "அடுத்த தடவை பாக்கலாம்மா," என்று போய்விட்டார்.

அன்று அக்கா போனை நாற்றுகளின் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

"அங்க வெயில் அடிக்குதா, தம்பி?"

என் ஜன்னலோரம் வெறும் தரையில் வெயில் விழுந்து கிடந்தது.

"கொஞ்சம் மேகமா இருக்குக்கா," என்றேன்.