பற்றரியில் பிழையில்லை

போன சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தொண்டைமானாற்றில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நானும் மனைவியும் கோப்பாயில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பதினொரு மணி வெயில். வழியில் ஒரு வேப்பமரம் பூத்துக் கொட்டி நின்றது. வடகத்துக்குக் கொஞ்சம் வேப்பம்பூ பிடுங்க வேண்டும், நிற்பாட்டுங்கள் என்றாள் மனைவி.

நான் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஏசிக் காற்றில் போனைப் பார்த்தபடி இருந்தேன். மூன்று நிமிடம் போயிருக்காது, அவள் அலறும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். கொப்பை வளைத்தபோது குளவிக்கூடு கலைந்துவிட்டது. காரை அவள் பின்னாலேயே விட்டு, பக்கத்தில் போனதும் ஹேண்ட் பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பாய்ந்து இறங்கினேன். குளவிகள் அவ்வளவு தூரம் துரத்தி வரவில்லை. ஆனால் கழுத்திலும் காதடியிலும் ஐந்தாறு இடத்தில் கொட்டியிருந்தன.

அவளை முன்சீட்டில் இருத்தினேன். எரிகிறது என்று மட்டும்தான் முதலில் சொன்னாள். பிறகு உதடு தடித்தது. இமைகள் வீங்கிக் கண் சிறுத்துப் போனது. தொண்டையைத் தடவியபடி, "என்னப்பா, மூச்சு இழுக்கக் கஷ்டமாக் கிடக்கு" என்றாள்.

ஸ்டார்ட் எடுக்கக் கார்த் திறப்பைத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருகினேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்ன லைட்டுகள் எல்லாம் எரிகின்றன, எஞ்சின் மட்டும் அசையவில்லை.

பற்றரியில்தான் பிழை என்று உடனே முடிவு செய்தேன். பதினைந்து வருடமாகக் கார் வைத்திருப்பவன் நான். சொந்தக்காரரின் கார் நின்றுபோனால்கூட முதலில் எனக்குத்தான் அழைப்பு வரும். பொனட்டைத் திறந்து பற்றரி வயர்களை ஆட்டினேன், இறுக்கினேன். வயர் முனையில் படிந்திருந்த பூஞ்சையைச் சுரண்டத் திறப்பை எடுக்கப் போனால், அது கழன்று வரவில்லை. அதுவும் இறுகிவிட்டதாக்கும் என்று ஆத்திரம்தான் வந்ததே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அவள் மூச்சு விடும் சத்தம் வெளியில் நின்ற எனக்கே கேட்டது.

மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தினார்.

"அண்ணை, தள்ளிப் பாப்பமே?"

"இது ஒட்டோ கியர். தள்ளி ஸ்டார்ட் பண்ணேலாது."

"அப்ப அக்காவை என்ரை மோட்டார் சைக்கிளிலை ஏத்துங்கோ. நான் கொண்டுபோறன்."

சொல்லிக்கொண்டே பெட்டியை அவிழ்த்துத் தெருவோரம் இறக்கிவிட்டார். ஆனால் அவளுக்குத் தலை நிமிர்ந்து நிற்கவில்லை. பாதி வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அவளை ஏற்றவில்லை. கடைசியாக ஒருமுறை திருகிப் பார்ப்போம் என்று சீட்டில் ஏறினேன்.

அப்போது அவள் என் பக்கம் கையை நீட்டினாள். பயத்தில் என் கையைத் தேடுகிறாள் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன். அவள் உதறினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீர் கதையாதையும். மூச்சு வாங்கும்" என்றேன்.

அவள் கேட்கவில்லை. மீண்டும் கையை நீட்டி, கியரைப் பிடித்து, முன்னுக்குத் தள்ளினாள். "டியிலை கிடந்தது" என்றாள், தடித்த நாக்கால். "இப்பப் போடுங்கோ."

திருகினேன். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது.

கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ கிடந்தால்தான் அந்தக் கார் ஸ்டார்ட் எடுக்கும், பார்க்கில் கிடந்தால்தான் திறப்பு கழன்று வரும். குளவியைக் கண்ட பதற்றத்தில், 'டி' என்கிற ஓடுகிற கியரிலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கியிருக்கிறேன். பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

மீன்காரர் பொனட்டை அடித்து மூடினார். பெட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, விடாமல் ஹோர்ன் அடித்தபடி எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வரைக்கும் மோட்டார் சைக்கிளை ஓட்டினார். உள்ளே ஊசி போட்டு, ஒட்சிசனும் வைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் அவள் மூச்சு சீரானது. நான் வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றார்.

"அக்காக்கு எப்பிடி?"

"இப்ப பரவாயில்லை."

"அப்ப நான் வாறன். மீன் வெயிலுக்கை கிடக்கு."

பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அன்று பின்னேரம் கட்டிலருகில் இருந்து மனைவியிடம் கேட்டேன், உமக்கு எப்படித் தெரிந்தது என்று.

"உங்களுக்குப் பக்கத்திலை எத்தினை வருசம் இருந்து பாக்கிறன். இறங்கேக்கை ஒவ்வொரு நாளும் அதை முன்னுக்குத் தள்ளுவியள். இண்டைக்கு நான் வந்து ஏறேக்கை அது பின்னுக்கே கிடந்தது" என்றாள். பிறகு, "முதலிலையே சொன்னனான். நீங்கள் பொனட்டுக்கை தலையை வைச்சுக்கொண்டு நிண்டியள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களிடமெல்லாம், பற்றரி வயர் இளகிப்போய்க் கிடந்தது, நான்தான் இறுக்கிச் சரிப்படுத்தினேன் என்று சொன்னேன். அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதைக் கேட்டபடி நின்றாள். ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அளவெட்டியில் இருந்து அவளுடைய தங்கை வந்து கேட்டபோது, அந்தப் பொய் எனக்கு வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போனாள்.

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவள் சொன்னதைக் கேளாமல், எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் வீணாக்கிய அந்தச் சில நிமிடங்களுக்காக, அவளிடம் இன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.